துடுப்பைக் காதில் வைத்துக் கேள்

(2025 மார்ச் கடைசி. மட்டக்களப்பில் கல்லடிப் பழைய பாலத்துக்குக் கீழே தோணிக்குள் இருந்து வலைச் சிக்கெடுக்கிறவர் கந்தப்பர். கரையில் நோட்டீஸ் கட்டோடு நிற்கிறவர் ஒரு சுயேச்சைக் குழுவின் முதன்மை வேட்பாளர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேர்ட்டு. சேறு படாத செருப்பு.)

வேட்பாளர்: கந்தப்பண்ணன், மே 6 மறந்திராதீங்க. இந்தமுறை மாநகரசபைக்கு நாங்க தனிக் குழு. எந்தக் கட்சியும் சாராத ஆக்கள்.

கந்தப்பர்: பொறு மனே. (துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைக்கிறார்.)

வேட்பாளர்: என்ன செய்றீங்க?

கந்தப்பர்: பாடும் மீன் கேக்குதா எண்டு பாக்கன். பாட்டைக் கேட்டதா ஊரெல்லாம் சொல்லும். பாடின மீனைப் பிடிச்சவன் ஒருத்தனுமில்ல. கட்சி சாராத ஆளும் அந்தச் சாதி மீன்தான்.

வேட்பாளர்: பகிடி விடாதீங்கண்ணன். அமெரிக்காவில சிகாகோ இருக்கெல்லோ, அங்க மேயர் தேர்தல் வாக்குச்சீட்டில 1999இல இருந்து கட்சிப் பேரே கிடையாது. எண்ட மச்சான் அங்கதான் இருக்கான்.

கந்தப்பர்: ஆர் எந்தக் கட்சியெண்டு அங்கத்தச் சனத்துக்குத் தெரியாதாக்கும்?

வேட்பாளர்: அது... தெரியும்தான்.

கந்தப்பர்: மறுகா? கருவாட்டுப் பையில பேரை அழிச்சா மணம் போயிருமா? சரி, சாராம நிக்கிறதுக்குக் காசு கூடவாமே.

வேட்பாளர்: ஓம். கட்சியெண்டா ஆளுக்கு 1,500 ரூபா கட்டுப்பணம். சுயேச்சையெண்டா 5,000.

கந்தப்பர்: 3,500 ரூபா கூடக் குடுத்து ஒருத்தன் தனியா நிக்கானெண்டா, ஒண்டில் அவன் யோக்கியன், இல்லாட்டி கட்சி இடம் குடுக்காதவன். நீ எது?

வேட்பாளர்: நோட்டீசை வாசிச்சுப் பாருங்களன்.

(ஈரக் கை பட்டதும் நோட்டீசில் சின்னத்தின் மூலை கிளம்புகிறது. சின்னம் அச்சடித்ததல்ல, ஒட்டின ஸ்டிக்கர். செதில் ஒட்டிய நகத்தால் கந்தப்பர் சுரண்ட, கீழே இன்னொரு சின்னம்.)

கந்தப்பர்: இதென்னகா?

வேட்பாளர்: அது 2023. மார்ச் 9 தேர்தலெண்டாங்க, பிறகு காசில்லையெண்டு நடத்தவே இல்ல. அது கணக்கில வராது.

கந்தப்பர்: அதுக்குக் கீழயும் ஒண்டு கிடக்கு!

வேட்பாளர்: 2018. நோட்டீஸ் மிஞ்சிப் போச்சண்ணன். பேப்பர் விக்கிற விலையில...

கந்தப்பர்: (துடுப்பைக் காதில் வைத்து) பாடுது, நல்லாப் பாடுது. உண்ட படம் மட்டும் மூண்டுக்கும் ஒண்டுதான். குழுவில பொம்பிளையள் இருக்காங்களோ?

வேட்பாளர்: நூற்றுக்கு 25 கட்டாயமெல்லோ. மனிசி, மனிசிட தங்கச்சி, பெரியம்மா...

கந்தப்பர்: குடும்பம் சார்ந்த சுயேச்சை. நீ மேயராகிறது எப்படி? உனக்கெண்டு நேரா ஒரு புள்ளடி போடேலாதே.

வேட்பாளர்: புள்ளடி குழுவுக்குத்தான். 60 வீதம் வட்டாரத்தில, 40 வீதம் பட்டியலில. பட்டியலில ஆரைப் போடுறதெண்டு நாங்க கூடித் தீர்மானிப்பம்.

கந்தப்பர்: நாங்க எண்டா?

வேட்பாளர்: நான்.

கந்தப்பர்: ஒருத்தருக்கும் சபையில பாதி கிடைக்காட்டி?

வேட்பாளர்: உறுப்பினர்கள் கூடி மேயரைத் தெரிவாங்க. பகிரங்கமா, இரகசியமா எண்டதுக்கு முதல்ல ஒரு வாக்கெடுப்பு. ரெண்டு பேருக்கும் சமனா வந்தா சீட்டுக் குலுக்கல்.

கந்தப்பர்: உண்ட சிகாகோவில பாதி எடுக்காட்டி?

வேட்பாளர்: முன்னுக்கு வந்த ரெண்டு பேரையும் வச்சு, சனத்திட்டத் திரும்ப ஒரு தேர்தல்.

கந்தப்பர்: (வலையைப் போட்டுவிட்டு எழும்புகிறார். தோணி ஆடுகிறது.) அதைச் சொல்லாம கட்சிப் பேரில்ல, கட்சிப் பேரில்ல எண்டு பறையிற! அங்க இழுபறியெண்டாச் சனத்திட்ட வாறாங்க. இஞ்ச இழுபறியெண்டா எங்களைக் கேற்றுக்கு வெளிய விட்டுட்டு நீங்க உள்ள போறீங்க. உண்ட ரெண்டு ஆசனத்துக்கு அண்டைக்குத்தான் விலை. 2023 மார்ச்சில சபை முடிஞ்சு ரெண்டு வரிசமா ஒரு முறைப்பாட்டைக் குடுக்க உறுப்பினர் எண்டு ஒருத்தன் இல்ல. இந்தா பார் வலையை. ஒள்ளுப்பம் றால், ரெண்டு மணலை, ஏழு சொப்பின்பேக், ஒரு செருப்பு. வலை பீறினா ஆருட்டப் போய்ச் சொல்ல? மேயர் தெரியிற அண்டைக்கு நீ ஆர் பக்கம் கை தூக்குவாய்? அதை நோட்டீசில போடு!

வேட்பாளர்: அபிவிருத்தியின் பக்கம்.

கந்தப்பர்: அது எந்தக் கட்சி?

(பதில் இல்லை. ஒரு கொக்கு எழும்பிப் புதுப்பாலத்துப் பக்கம் பறக்கிறது.)

கந்தப்பர்: மாரியில முகத்துவாரத்தில ஆத்துவாய் வெட்டுறத்தக் கண்டிருப்பாய். வெட்டினா வாவித் தண்ணி கடலுக்கு ஓடும். தண்ணிட்டப் போய் நீ எந்தப் பக்கமெண்டு ஆரும் கேக்கிறதில்ல. மண்வெட்டி ஆருட்டக் கையில எண்டுதான் பாக்கிற.

(வேட்பாளரின் போன் அடிக்கிறது. நாலடி தள்ளிப் போய், வாயைக் கையால் பொத்திக்கொண்டு: “ஓம் ஐயா... இல்ல ஐயா, தனியாத்தான் நிக்கம் ஐயா... நீங்க சொன்ன மாதிரியே ஐயா.” கழன்ற ஸ்டிக்கர் கந்தப்பரின் முழங்காலில் ஒட்டிக் கிடக்கிறது. துடுப்பு தோணிக்குள் படுத்திருக்கிறது.)

வேட்பாளர்: (திரும்பி வந்து) அண்ணன், உங்கட வீட்டில எத்தனை வாக்கெண்டு ஐயா கேக்கார்.

கந்தப்பர்: ஓம் மனே. துடுப்பு இல்லாமலே கேக்குது.