மீள்நிரப்பிய காட்ரிஜ்களின் கசிவும் அதைத் துடைக்கும் முறைகளும்: மட்டக்குளியை முன்வைத்து ஓர் ஆய்வு

மீள்நிரப்பிய இங்க்ஜெட் காட்ரிஜ் ஒன்றிலிருந்து, எவரும் கேட்காமலே மை வெளியே வருவது கசிவு எனப்படும். நிரப்பும்போது ஊசி வழுக்கி மேசையில் கொட்டுவது இதில் சேராது. அது கைத்தவறு, அதற்கு இலக்கணம் வேண்டியதில்லை. நிரப்பியவர் கையைக் கழுவி, பிளேன்டீயும் குடித்து, காசையும் லாச்சியில் போட்ட பிறகு நிகழ்வதே கசிவு. சிந்தலுக்குச் சாட்சி உண்டு, கசிவுக்கு இல்லை. அதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் வெள்ளைச் சேட்டு அணிந்திருப்பார்.

காட்ரிஜ்ஜின் உள்ளே மூடி என்று எதுவும் கிடையாது. அடியில் நுண்ணிய துவாரங்கள், மேலே காற்றுப் புக ஒரு வழி, நடுவில் ஒரு பஞ்சு, அவ்வளவுதான். பஞ்சு மயிர்த்துளைத்தன்மையால் மையைப் பிடித்து வைக்கிறது. அதனால் உள்ளே வளிமண்டல அமுக்கத்தைவிடச் சற்றுக் குறைந்த அமுக்கம் நிலவுகிறது. அந்தச் சிறு குறைவும், துவார வாயிலில் மையின் மேற்பரப்பிழுவையும் சேர்ந்து முழு மையையும் அந்தரத்தில் நிறுத்திவிடுகின்றன. ஊசியால் 2 மில்லிலீட்டர் கூடுதலாக ஏற்றினால் பஞ்சு நிரம்பி வழிகிறது, அமுக்கக் குறைவு அழிகிறது, மை தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகிறது.

அளவு பற்றி ஒரு கணக்கு அவசியம். மட்டக்குளிக் கடைகளில் பல ஆண்டுகள் உழைத்த கெனன் ஐபி2770 வகைப் பிரின்டர் துப்பும் மிகச் சிறிய துளி 2 பிக்கோலீட்டர். அப்படியானால் 1 மில்லிலீட்டர் மையில் 50 கோடி துளிகள். இலங்கையின் சனத்தொகை 2 கோடிக்குச் சற்று மேல். ஆகவே ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு மை கசிந்தால், நாட்டில் தலைக்கு இருபது துளிக்குக் குறையாமல் பங்கிட்டுக் கொடுக்கலாம். நடைமுறையில் அது முழுவதும் ஒரே மேசையில், அதுவும் யாரோ ஒருவருடைய பிறப்புச் சான்றிதழ் மூலப்பிரதியின் மேல் சேர்கிறது.

வரலாற்றை எடுத்துக்கொண்டால், சூட்டினால் மை துப்பும் இந்தத் தொழில்நுட்பமே ஒரு சிந்தலில் பிறந்தது. 1977இல் ஜப்பானில் கெனன் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், இச்சிரோ எண்டோ என்பவரின் மேசையில் சூடான ஈயப்பற்றுக்கோல் ஒன்று மை நிரம்பிய ஊசியில் தற்செயலாகப் பட்டு, ஊசி முனையிலிருந்து மை பீறிட்டதாகவும், சூட்டினால் மையைத் தள்ளலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததாகவும் சொல்வார்கள். 1984இல் எச்பியின் திங்க்ஜெட்டும் 1985இல் கெனனின் பிஜே-80உம் சந்தைக்கு வந்தன. எண்டோவின் மேசையைத் துடைத்தவரின் பெயரை எந்த வரலாறும் சொல்வதில்லை. இத்துறை தொடக்கத்திலேயே புறக்கணிக்கப்பட்டதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

காட்ரிஜ்ஜை மீண்டும் நிரப்பி விற்பவர்கள் உலகெங்கும் வழக்கு மன்றம் வரை போயிருக்கிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மேயில், லெக்ஸ்மார்க் நிறுவனம் விற்ற டோனர் காட்ரிஜ்களை மற்றவர் வாங்கி நிரப்பி விற்பதைக் காப்புரிமை கொண்டு தடுக்க முடியாது என்று தீர்த்தது. தீர்ப்பு காப்புரிமையைப் பற்றியது. நிரப்பியது ஒழுகினால் யார் துடைப்பது என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.

மட்டக்குளி கொழும்பு 15ஐச் சேர்ந்தது. மாநகரின் வட எல்லை. களனி கங்கை கடலில் விழும் இடம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், பாலத்தைத் தாண்டினால் ஹெந்தளை. காக்கைத்தீவுக் கடற்காற்று வருடம் முழுவதும் ஈரமாகவே வீசுவதால் ஏ4 கடதாசி தொய்ந்து கிடக்கும், அச்சடித்த மை மெதுவாகத்தான் காயும். ஈரம் காயாத இடத்தில் கசிவுக்கு ஆயுள் அதிகம். இங்குள்ள கொமினிகேஷன் கடைகளில் ரீலோட், போட்டோகொப்பி, அடையாள அட்டைக்கு லமினேட்டிங், வேலைக்கு பயோடேட்டா, ரியூஷன் பிள்ளைகளுக்குப் பாஸ் பேப்பர், திடீரென்று ஒரு மரண அறிவித்தல் என எல்லாம் ஒரே பிரின்டரின் தலையில்தான் விழுகின்றன. எச்பி 680 கலர் காட்ரிஜ்ஜின் அறிவிக்கப்பட்ட ஆயுள் ஏறத்தாழ 150 பக்கம். பிறந்தநாள் அட்டைகள் கொஞ்சம் அடித்தாலே நீலமோ சிவப்போ தீர்ந்துவிடும். புதிது வாங்க 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா வரை போக வேண்டும். ஊசியும் மைப்போத்தலும் லாச்சிக்குள்ளேயே இருக்கின்றன.

2022 மார்ச்சில் இத்துறை திடீரென்று தேசிய முக்கியத்துவம் பெற்றது. டொலர் இல்லை, கடதாசி இல்லை, மை இல்லை. கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய முடியாததால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. மாத ஆரம்பத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்தக் காலத்தில் கசிந்த மையைத் துடைத்து எறிய மனம் வராது. தட்டில் தேங்கியதை ஊசியால் உறிஞ்சித் திரும்ப ஏற்றுவதும் ஒரு வழியாகத் தோன்றும். இது தவறான முறை: தூசியும் துணி நாரும் சேர்ந்து ஏறித் துவாரங்களை அடைத்துவிடும். ஆனால் மனிதச் செயல் என்ற வகையில் இதைக் குறை கூற முடியாது.

கசிவின் காரணங்களில் மிகை நிரப்பல் முதலிடம் பெறும். அதை மேலே பார்த்தோம். இரண்டாவது, நிரப்பத் துளைத்த ஓட்டையைச் சரியாக அடைக்காமை. மூன்றாவது காரணம் இதற்கு நேர்மாறானது: எல்லா ஓட்டைகளையும் அளவுக்கு மீறி அடைத்தல். கசியக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் காற்றுவழியையும் செலோடேப்பால் ஒட்டிவிட்டால் உள்ளே காற்று அடைபடும். மலையகத்திலிருந்து வந்து கொழும்புக் கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் தீபாவளிக்கு ஊருக்குப் போகையில், தங்கையின் பிரின்டருக்கு நிரப்பிய காட்ரிஜ் ஒன்றை இப்படி ஒட்டி எடுத்துச் செல்வதாக வைத்துக்கொள்வோம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடைபட்ட காற்று அதற்கேற்பக் கால் பங்கு விரியும். உள்ளே 4 மில்லிலீட்டர் காற்று இருந்தால் 1 மில்லிலீட்டர் மை வெளியே தள்ளப்படும். மேற்சொன்ன 50 கோடி துளிகளும் ரம்பொடை வளைவுகளில் பயணப் பைக்குள், தீபாவளிப் புதுச்சாரியின் மடிப்பில், வரிசையாக இறங்கும்.

இனித் துடைத்தல். இங்கே ஓர் அடிப்படை உண்மையை நிறுவ வேண்டும்: கசிவு செய்யும் சேதம் சிறியது, பெரிய சேதம் துடைப்பினால் வருவது. இங்க்ஜெட் மையில் பெரும்பகுதி நீர். நிறப்பொருள் அதில் சொற்பமே, ஆனால் அந்தச் சொற்பம் எவ்வளவு ஐதாக்கினாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வீரியமானது. ஈரத்துணியால் தேய்ப்பவர் மையை அகற்றுவதில்லை, அதற்கு நீரும் நிலமும் கொடுத்துக் குடியேற்றுகிறார். தானாக விட்டால் ஒரு நாணய அளவில் நிற்கும் கறை முதல் துடைப்பில் உள்ளங்கையளவாகும். இரண்டாவதில் மேசையைப் பிடிக்கும். மூன்றாவது துடைப்பைச் செய்ய வருபவர் வேறொருவர், அவர் கால்வழியே அது வாசல் வரை போகும். கூட நிற்பவர்களின் எண்ணிக்கைக்கும் கறையின் பரப்புக்கும் நேர்விகிதம் உண்டு. “ஐயோ தம்பி, என்னா இது!” என்று உள்ளேயிருந்து ஓடிவரும் அக்கா கையோடு நனைந்த துணியையும் கொண்டுவருகிறார் என்பதே இதற்கு விளக்கம். “துடைக்காதீங்க அக்கா, ஒத்துங்க” என்ற வாக்கியம் எப்போதும் அரை நிமிடம் பிந்தியே சொல்லப்படுகிறது.

ஒத்துவதற்குப் பழைய பத்திரிகைத்தாள் உத்தமம். பளபளப்புப் பூச்சு இல்லாததால் செய்தித்தாள் நீர்மையைச் சட்டென்று குடிக்கிறது. அதில் ஏற்கெனவே அச்சான மை எண்ணெய் சார்ந்தது என்பதால் இங்க்ஜெட் மையின் நீரில் கரைந்து புதுக் குழப்பம் உண்டாக்குவதில்லை. 1930இல் தொடங்கிய வீரகேசரி நீண்டகாலம் பக்கத்திலுள்ள கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வந்ததால் மட்டக்குளியில் இப்பொருளுக்குத் தட்டுப்பாடிருந்ததில்லை. வார இதழ்களின் வழுவழுப்பான அட்டை இந்தப் பணிக்கு உதவாது. மை அதன்மேல் உருண்டு விளையாடும்.

முதலில் கவனிக்க வேண்டியது காட்ரிஜ்தான். ஊற்று ஓடிக்கொண்டிருக்கையில் தரையைத் துடைப்பதில் பயனில்லை. காட்ரிஜ்ஜைக் கழற்றி, மேலேயுள்ள ஒட்டுத்தாளை அகற்றிக் காற்றுக்கு வழிவிட்டு, துவார முகம் கீழே இருக்குமாறு மடித்த ரிஷுவின் மேல் வைக்க வேண்டும். அழுத்தக்கூடாது. ரிஷுவை எடுத்துப் பார்த்தால் நல்ல கலர் காட்ரிஜ் நீலம், சிவப்பு, மஞ்சள் என மூன்று தனித்தனிக் கோடுகளை விட்டிருக்கும். கோடுகள் ஒன்றோடொன்று கலந்து மஞ்சள் இருந்த இடத்தில் பச்சை தெரிந்தால், ஓர் அறையின் மை மற்ற அறைக்குள் போயிருக்கிறது. நிரப்பியவர் பல்குத்தும் குச்சியை உள்ளே விட்டு எந்த ஓட்டையில் எந்த நிறம் என்று பார்க்காமல் நினைவை நம்பியிருக்கிறார். அத்தகைய காட்ரிஜ்ஜில் அச்சாகும் திருமணப் படங்களில் மணமகள் சற்றே பாசி நிறத்தில் அமர்ந்திருப்பார். ஒழுக்கு நிற்காவிட்டால் ஊசியால் 1 அல்லது 2 மில்லிலீட்டரை மெல்ல வெளியே இழுக்க வேண்டும். பலருக்கு இது மனதளவில் மிகக் கடினமான கட்டம். பின்பக்கச் செப்புத் தொடுகைகளில் மை இருந்தால், நார் விடாத துணியை இலேசாக நனைத்து ஒற்றிக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் பிரின்டர் அந்தக் காட்ரிஜ்ஜையே தெரியாது என்று சாதிக்கும்.

பிரின்டரின் உள்ளே கை வைக்கும் முன் மூடியைத் திறந்து, காட்ரிஜ் வண்டி நடுவுக்கு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஓரத்தில் பூட்டி நிற்கும்போது துண்டித்தால் வண்டி அசையாது. உள்ளே குறுக்காக ஓடும் மெல்லிய ஒளிபுகும் பட்டி ஒன்று உண்டு. அதில் மிக நுண்ணிய கோடுகள் உள்ளன. தான் எங்கே நிற்கிறது என்று வண்டி அவற்றைப் படித்தே அறிகிறது. மை தெறித்து அந்தக் கோடுகள் மறைந்தால் வண்டி சுவரில் போய் “டக்” என்று இடிக்கும். சிறிதளவு நீர் தொட்ட துணியால் ஒருமுறை நீவினால் போதும். நெயில் பொலிஷ் ரிமூவர் பட்டால் பட்டியும் போகும், பிரின்டரும் போகும். இரும்புத்தண்டில் பூசியிருக்கும் கிரீஸ் அழுக்கல்ல. சுத்தக்காரர் பலர் அதையும் துடைத்துப் பளபளப்பாக்கி, மறுநாள் முதல் கீச்சொலி கேட்கிறார்கள்.

பிரின்டரின் அடிவயிற்றில் கழிவு மைக்கென்று ஒரு பஞ்சு மெத்தை இருக்கிறது. ஒவ்வொரு முறை ஹெட் கிளீனிங் கொடுக்கும்போதும் நல்ல மை அதற்குள்தான் போகிறது. கணக்கு நிரம்பியதும் ஐபி2770 போன்றவை 5பி00 என்று அறிவித்து வேலைநிறுத்தம் செய்யும். மேசையைத் துடைப்பதற்காகப் பிரின்டரைச் சரித்துத் தூக்குபவர், மாதக்கணக்கில் சேர்ந்த அந்த மையைத் தன் மடியில் வாங்கிக்கொள்வார். பிரின்டரை மட்டமாகவே தூக்க வேண்டும்.

பரப்புகளில் போமிக்கா மேசையும் டைல்ஸும் எளியவை. ஒற்றி எடுத்துவிட்டுச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் வெளியிலிருந்து உள்நோக்கித் துடைத்தால் தீர்ந்தது. டைல்ஸ்களின் இடைச்சாந்தில் இறங்கியது அங்கேயே தங்கும். சீமெந்துத் தரை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதன்மேல் ஒரு சாக்கை விரித்துவிடலாம்.

துணி, குறிப்பாக வெள்ளைப் பாடசாலைச் சீருடை, தனி இயல். கறையின் பின்புறத்திலிருந்து குளிர்ந்த நீரை ஓடவிட வேண்டும். முன்புறத்திலிருந்து விட்டால் நிறம் இன்னும் ஆழமாக இறங்கும். பிறகு ஸ்பிரிட்டால் ஒற்றி, சன்லைட் சவர்க்காரம் போட்டு ஊறவிடலாம். சுடுநீரும் அயர்ன் பெட்டியும் கறையை நிரந்தரமாக்கும். தேசிக்காய், பால், பற்பசை ஆகியவற்றுக்கு வீடுதோறும் ஆதரவாளர்கள் உண்டு. பற்பசை உராய்வினால் கொஞ்சம் எடுக்கும், பால் துணியைப் புளிக்க வைக்கும். வெள்ளைப் பருத்தியில் கடைசி ஆயுதம் குளோரீன் கலந்த வெளுப்பான். சாய மை அதில் நிறமிழக்கும். காபன் துகள் கலந்த கறுப்பு மை அசையாது. எது எதுவென்று அறிய, கசிந்த கறுப்பில் ஒரு துளியை ஈரத்தாளில் வைத்துப் பார்க்கலாம். ஓரத்தில் நீலமும் ஊதாவும் பிரிந்து படர்ந்தால் அது சாயம். கறுப்பாகவே நின்றால் காபன். அந்தச் சேட்டை வீட்டில் உடுக்க ஒதுக்கிவிடலாம். வெளுப்பானோடு வினாகிரி, தேசிப்புளி, அமோனியா எதையும் சேர்க்கக்கூடாது. எழும் நச்சுவாயு கறையைவிட விரைவாக ஆளைப் பிடிக்கும்.

எஞ்சுவது விரல்கள். தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்து, பின் சவர்க்காரத்தால் கழுவினால் பாதி போகும். மீதி தோலின் மேல்படையோடு சில நாட்களில் தானாக உதிரும். வெளுப்பானைக் கையில் பூசக்கூடாது. தேர்தல் மையோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அதிலுள்ள வெள்ளி நைத்திரேற்று தோலிலுள்ள உப்போடு சேர்ந்து வெளிச்சத்தில் கறுப்பது. எந்த எண்ணெய்க்கும் மசியாது. ஆனால் வாக்குச்சாவடியில் இடக்கை விரலைத் திருப்பிப் பார்க்கும் அதிகாரிக்கு இரசாயனப் பாடம் நடத்த நேரம் இருக்காது. ஆகவே தேர்தல் வாரத்தில் கலர் காட்ரிஜ் நிரப்புவோர், இடக்கைக்கு மட்டுமாவது ஒரு பொலித்தீன் பையைக் கட்டிக்கொள்வது விதி.