பாவத்துக்கு 150 வெள்ளி

சூதாட்டம் பாவமா? சிங்கப்பூரில் அது உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது.

2005இல் இரண்டு கேசினோக்களுக்கு அரசு தலையாட்டியபோது, கிறிஸ்தவ அமைப்புகளும் முஸ்லிம் அமைப்புகளும் வேண்டவே வேண்டாம் என்றன. மத நல்லிணக்கத்துக்கு அரசு செய்த பெருந்தொண்டு அது! வேலைவாய்ப்பு, சுற்றுலா என்று பதில் வந்தது. பெயரையும் ‘ஒருங்கிணைந்த உல்லாசத் தலம்’ என்று வைத்தாயிற்று. அதில் சூது எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

2010இல் கதவு திறந்தது. வெளிநாட்டுக்காரருக்கு நுழைவு இலவசம். உள்ளூர்க்காரர் கெட்டுப்போகக் கூடாதல்லவா? அவருக்கு ஒரு நாளைக்கு 100 வெள்ளி, 2019இல் 150. வசூலாகும் பணம் நற்பணிகளுக்குப் போகிறது. பாவம் செய்யப் போகும்போதே வாசலில் பரிகாரத்தைக் கட்டிவிடலாம்.

எச்சரிக்கைக்கும் குறைவில்லை. 2014 உலகக் கோப்பைக் கால்பந்து சமயத்தில் சூதாட்டத் தடுப்பு விளம்பரம் ஒன்று வந்தது. நண்பர்கள் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருக்க, ஒரு சிறுவன் மட்டும் முகம் வாடி உட்கார்ந்திருப்பான். அவன் சேமிப்பு முழுவதையும் அப்பா ஜெர்மனி மேல் கட்டிவிட்டாராம்.

கோப்பையை ஜெர்மனிதான் வென்றது.