மிகுநீறு: ஒரு பூர்வாங்க ஆய்வு

கோயிலில் கிடைக்கும் திருநீறு எப்போதும் நெற்றியின் கொள்ளளவை மீறியது. மூன்று பட்டை இழுத்து, கழுத்தில் ஒரு தீற்று தீற்றி, பக்கத்தில் குழந்தை ஏதும் அகப்பட்டால் அதற்கும் இட்டுவிட்ட பிறகும் உள்ளங்கையில் பாதி மிஞ்சும். இந்த மிச்சத்துக்குத் தனிப்பெயர் இல்லாதது தமிழுக்குப் பெருங்குறை. இக்கட்டுரையில் இதை ‘மிகுநீறு’ என்று வழங்குவோம்.

முன்னோர் இதை ஆராயவில்லை. மதுரையில் பாண்டியனின் வெப்புநோய் தீரச் சம்பந்தர் திருநீற்றுக்கென்றே ஒரு பதிகம் பாடினார். பூசியது போக மிஞ்சியதை எந்தத் தூணில் வைத்தார்கள் என்பதில் சேக்கிழார் மௌனம் சாதித்துவிட்டார்.

ஆய்வுக்களம், மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில். மாட வீதியில் கீரைக்கட்டுக்குப் பேரம் பேசிய கை, செருப்பைக் கழற்றிவிட்டு, 1906இல் எழுந்த கிழக்குக் கோபுரத்தைக் கடந்து உள்ளே வருகிறது. கபாலி மேற்கு பார்த்தவர். சுற்றிக்கொண்டு போய்த்தான் முன்னால் நிற்க வேண்டும். அங்கே வலக்கையில் திருநீறு விழுகிறது. அடுத்து, தெற்கு பார்த்த கற்பகாம்பாள் சன்னதியில் குங்குமம். வலக்கை ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, இடக்கையை நீட்டக்கூடாது. கீழே கொட்டினால் பாவம், ஊதினால் முன்னால் நிற்பவரின் கண்ணில் போகும். சரியாக இந்த நேரம் பார்த்து வலப்பக்கப் பையில் செல்போன் அடிக்கும். உள்ளே வரும்போதே அணைத்திருக்க வேண்டும் என்பது வேறு ஆய்வுக்குரியது.

இவ்விடத்தில் பக்தர்கள் இரண்டு மரபினராகப் பிரிகின்றனர். காகித மரபினர் பஸ் டிக்கெட்டிலோ ஏடிஎம் சீட்டிலோ மடித்துப் பையில் வைப்பவர்கள். பார்ப்பதற்கு ஒழுங்கானவர்கள், ஆனால் சிக்கலைத் தீர்ப்பதில்லை, வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். சட்டையோடு வாஷிங் மெஷினுக்குப் போகாமல் தப்பிய பொட்டலங்கள் பர்ஸில் நிரந்தரமாகக் குடியேறும். என் பர்ஸில் அப்படி நான்கைந்து உண்டு. எந்தக் கோயில், எந்த வருஷம் என்று தெரியவில்லை. தூக்கிப்போடக் கை வருமா?

இவர்களுக்கு வலுவான முன்னுதாரணம் மயிலாப்பூரிலேயே இருக்கிறது. பாம்பு தீண்டி இறந்த மகள் பூம்பாவையின் சாம்பலைச் சிவநேசர் குடத்தில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். சம்பந்தர் வந்து பாட, பெண் எழுந்து வந்தாள் என்பது புராணம். சாம்பலைச் சேர்த்து வைத்ததன் பயனை இதைவிட அழுத்தமாக நிறுவ முடியாது. என் பர்ஸ்தான் இன்னும் காத்திருக்கிறது.

தூண் மரபினரே பெரும்பான்மையர். யாளியின் வாய், தாமரை மொட்டின் இடுக்கு, துவாரபாலகரின் கால் கட்டைவிரல் என்று எந்தச் சிற்பத்திலும் இவர்களுக்கு ஓர் அலமாரி தெரியும். சிற்பிகளே இதற்காகத்தான் அத்தனை மடிப்பு வைத்தார்கள் என்று ஒரு தரப்பு வாதிடலாம். தூணில் கொட்டாதீர்கள் என்று பல கோயில்களில் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையின் மேல்விளிம்பும் கொட்டுவதற்கு வாகாகத்தான் இருக்கிறது. கிண்ணமும் உண்டு. ஆனால் அது எப்போதும் நாம் நிற்கும் தூணுக்கு அடுத்த தூணில் இருக்கும்.

மிகுநீறு கழிவே என்பதுதான் என் கருதுகோள். அதை நிறுவ, ஒரு பிரதோஷ மாலையில் கை நிறையத் திருநீற்றோடு தூணோரம் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி வந்தார். யாரோ எப்போதோ விட்டுப்போன குவியலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தார், கண்ணை மூடி நெற்றியில் பூசினார், கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொண்டார். கருதுகோள் அங்கேயே நொறுங்கியது. நான் குப்பை என்று கணக்கெடுத்தது பாட்டிக்குச் சன்னதி.

பதற்றத்தில் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த என்னை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

“கையில வெச்சுக்கிட்டு என்னப்பா எழுதிட்டு நிக்கிற? மொதல்ல நெத்தியில இட்டுக்க.”

தடவிப் பார்த்தேன். நெற்றி வெறுமையாகத்தான் இருந்தது.