மகா கனம் பொருந்திய டெபாசிட் பிரிவுக்கு

மகா கனம் பொருந்திய வாடகைக் கார் நிறுவனத்தின் டெபாசிட் பிரிவினருக்கு, ஷார்ஜா அல் நஹ்தாவில் குடியிருக்கும் தங்கள் முன்னாள் வாடிக்கையாளன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தங்கள் நலமும், தங்களிடம் இருக்கும் என் 1,500 திர்ஹத்தின் நலமும் அறிய ஆவல்.

காரை ஒப்படைத்து இன்றோடு 47 நாள். குறை சொல்ல எழுதவில்லை. ஆபத்துக்கு உதவியவர்கள் தாங்கள். 2 வருட விசாவில் வந்தவன் 5 வருடக் கடனில் கார் வாங்குவது எப்படி? வேலை போனால் நான் விமானம் ஏறிவிடலாம், கார் ஏறாது. அதோடு விலையில் 20 சதவீதத்தை முதலில் எடுத்து வை என்கிறது வங்கி. அந்தக் கவலையில் இருந்தவனிடம்தான் "மாதம் 1,300, எல்லாம் அடக்கம்" என்றீர்கள். அடக்கம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தினமும் துபாய்க்கு வேலைக்குப் போகிறவன் நான். மம்சார், கர்ஹூத் பாலம், சஃபா, பர்ஷா என்று வழியில் சாலைச் சுங்கம் பிடிக்கும் சாலிக் கேட் 4. 2025 ஜனவரி கடைசியிலிருந்து காலை 6 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் கேட்டுக்கு 6 திர்ஹம். நள்ளிரவு 1 மணிக்கு மேல் காலை 6 வரை இலவசம்தான். என் மேனேஜர் அந்த நேரத்தில் ஆபீஸ் திறப்பதில்லை. போக வர 48 திர்ஹம், 22 நாளைக்கு 1,056. அது சாலிக்குக்கு. கேட்டுக்கு 1 திர்ஹம் வீதம் தாங்கள் சேர்த்த சர்வீஸ் சார்ஜ் தனி: மாதம் 176. கேட்டுக்குக் கீழே என் கார் போகிறது, காசு தானாகக் கழிகிறது. இதில் தாங்கள் ஆற்றிய சேவை என்ன என்று டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். அல் இத்திஹாத் சாலையில் யோசிக்க நேரத்துக்கா பஞ்சம்?

சாலிக்குக்குப் பயந்து 311 சாலையைப் பிடித்தால் கிலோமீட்டர் ஏறியது. மாதம் 2,500 தாண்டினால் கிலோமீட்டருக்கு 50 ஃபில்ஸ். அல் ஐனில் நண்பன் வீட்டு விசேஷத்துக்குப் போய் வந்த மாதம், அவன் போட்ட பிரியாணிக்கு நான் தங்களுக்குக் கட்டியது 140 திர்ஹம்.

2024 ஏப்ரல் 16 மழையையும் மறக்கவில்லை. 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து இந்த நாடு காணாத மழை. அல் ஐன் பக்கம் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர். நம் கார் எங்கள் தெருவில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது. பிறகு அது தங்கள் கேரேஜில் கிடந்த 9 நாளுக்கும் என்னிடம் வாடகை வாங்கினீர்கள். ஏன் என்றேன். ஒப்பந்தத்தின் பின்பக்கம் பார் என்றீர்கள். வருண பகவானுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கும் விஷயம் அப்போதுதான் தெரிந்தது.

கார் கொடுத்த அன்று இரவு 9 மணி, பேஸ்மென்ட் பார்க்கிங். "எல்லாம் ஓகே பாய், சைன் பண்ணு" என்றார் வந்தவர். திரும்ப வாங்கிய அன்று உச்சி வெயில். அப்படியும் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு, அடகுக் கடைக்காரர் நகையை உரசிப் பார்ப்பதுபோல் ரிம்மைத் தடவித் தடவிப் பார்த்தார். கீறல், 250 திர்ஹம். போலீஸ் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். போகட்டும், 250ஐக் கழித்துக்கொள்ளுங்கள். மீதி?

"ஃபைன் ஏதாவது வரும், 30 நாள் பார்க்க வேண்டும்" என்பது தங்கள் பதில். ஒருமுறை அபுதாபி எல்லை தாண்டியதும் ரேடாரில் மாட்டினேன். (துபாயில் வேக வரம்புக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை கண்டுகொள்ள மாட்டார்கள், அபுதாபியில் 2018லேயே அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். துபாய்க் கால் அபுதாபியில் அழுத்திவிட்டது.) வீடு வந்து சேருமுன் தங்கள் வாட்ஸ்அப் வந்துவிட்டது: ஃபைன் இவ்வளவு, அதைத் தெரிவித்ததற்குத் தங்கள் கட்டணம் 10 சதவீதம். ஃபைன் வந்த சேதி 1 மணி நேரத்தில் வருகிறது. ஃபைன் வரவில்லை என்ற சேதி மட்டும் எந்த ஒட்டகத்தில் வருகிறது? அந்த 30 நாளும் முடிந்து 17 நாள் ஆகிவிட்டது. போன் செய்தால், "சிஸ்டம் டவுன், ஹபீபி."

எங்கள் பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்று ஒன்று உண்டு. மூக்கு முட்டக் கறிச்சோறு போட்டுத்தான் மொய் வாங்குவார்கள். 50 ரூபாய் என்றாலும் நோட்டில் பேரும் ஊரும் ஏறும். முறை வரும்போது திருப்பிச் செய்யாதவன் தெருவில் தலை காட்ட முடியாது. தங்களிடம் நான் கறிச்சோறு கேட்கவில்லை, வாங்கியதற்கு மேல் போட்டுக் கொடுக்கவும் சொல்லவில்லை. நோட்டு என்று ஒன்று இருக்கிறதா, அதில் என் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லவும்.

இப்படிக்கு,
1,250 திர்ஹத்தின் சொந்தக்காரன்

பின்குறிப்பு: பின்சீட்டுக்கு அடியில் என் மகளின் செருப்பு ஒன்று விட்டுப்போயிற்று, இடது கால். அதற்கும் 30 நாள் பார்க்க வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வலது கால் செருப்பையும் தூக்கிப் போட்டுவிடுகிறேன். அவளுக்குக் கால் வளர்ந்துகொண்டிருக்கிறது.