கையெழுத்துப் போட்டு வாங்கிய நிம்மதி

போன மாதம் எங்கள் கம்பெனியில் ஆளுக்கொரு பந்து கொடுத்தார்கள். மஞ்சள் நிறம், சிரித்த முகம், அமுக்கினால் உள்ளே போகும் ஸ்பாஞ்சு. டென்ஷன் வரும்போது பிசையுங்கள் என்றார் எச்.ஆர். மேடம். பிசைவதற்கு முன் ஸ்டோர்ஸ் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். பந்தின் அடியில் ஸ்கெட்ச் பேனாவால் அசெட் நம்பர் எழுதியிருந்தது. வேலையை விட்டுப் போகும்போது ஐடி கார்டு, லேப்டாப், பந்து மூன்றையும் ஒப்படைத்தால்தான் ஃபைனல் செட்டில்மென்ட்.

“தொலைஞ்சு போச்சுன்னா?” என்று கேட்டேன்.

“சம்பளத்துல பிடிச்சிருவாங்க சார்,” என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன். டென்ஷன் வந்தால் திறந்து, பந்து பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

நான் அக்கவுண்ட்ஸ் ஆள். எங்களுக்கு மனசு என்று ஒன்று இருப்பதையே உலகம் சந்தேகப்படும். ஆனால் ஊழியனின் மனத்தை ஆராய்ந்தவர்களில் பெயர் பெற்ற ஒருவர் எங்களைத் தேடித்தான் வந்தார். அமெரிக்க உளவியலாளர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் பிடித்து, வேலையில் எப்போது பூரித்தீர்கள், எப்போது நொந்தீர்கள் என்று சகாக்களோடு விசாரித்தார். 1959இல் அது புத்தகமாக வந்தது. அவர் கண்டது இதுதான்: நோகடிக்கிற சங்கதிகள் வேறு, மகிழ்விக்கிற சங்கதிகள் வேறு. சம்பளம், மேலதிகாரி, கம்பெனி விதிகள், உட்காரும் இடம் எல்லாம் மோசமாக இருந்தால் எரிச்சல் வரும். சரியாக இருந்தால் எரிச்சல் வராது, அவ்வளவுதான். பூரிப்பு வருவது வேலையிலிருந்தும், அதைச் செய்து முடித்ததிலிருந்தும், நாலு பேர் அதை ஒப்புக்கொண்டதிலிருந்தும்.

இதை நிரூபிக்க எங்கள் கேன்டீன் போதும். சாம்பாரில் பருப்பு இல்லை என்று வருஷக்கணக்கில் புலம்பினோம். கான்ட்ராக்டரை மாற்றினார்கள். பருப்பு வந்தது. அந்த மகிழ்ச்சியில் யாரும் ஒரு வவுச்சர்கூட அதிகமாகப் போடவில்லை. புலம்பல் பொரியலுக்கு இடம் மாறியது.

அதே சமயம், எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் பேங்க் ரெகன்சிலியேஷன் பார்த்துக்கொண்டிருந்தது. 17 ரூபாய் 70 காசு இடித்தது. சீனியர்கள் எல்லாம் ரவுண்ட் ஆஃப் பண்ணிடும்மா என்று பெருந்தன்மை காட்டினோம். அது கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிடாமல் தேடிக் கண்டுபிடித்துவிட்டது: எஸ்எம்எஸ் கட்டணம் 15 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 2 ரூபாய் 70 காசு. ஆடிட்டர் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் டிக் அடித்து, “யார் பிடிச்சது இதை?” என்றார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த பென்சில் டிக்குக்குக் கம்பெனி ஒரு பைசா செலவழிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அதை ஒரு திட்டமாக எடுத்துக்கொள்ள எச்.ஆருக்குத் தோன்றவில்லை. பட்ஜெட் இல்லாத காரியத்தை எப்படி அமல்படுத்துவது?

அடுத்தது தீபாவளி. போனஸில் சண்டை இல்லை. குறைந்தது 8.33 சதவீதம், கூடினால் 20 என்று சட்டமே கட்டிவைத்துவிட்டது. சண்டை ஸ்வீட் பாக்ஸில். ஸ்டாஃபுக்கு அரைக் கிலோ மைசூர்பாகு, மேனேஜர்களுக்கு ஒரு கிலோ முந்திரி கேக். யாருக்கும் தெரியாமல் கொடுப்பதாக நிர்வாகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரன் பில் எங்கள் மேஜைக்குத்தான் வருகிறது.

ஆய்வாளர்கள் சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் 2003இல் கபுச்சின் குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கூலியாக வெள்ளரித்துண்டு கொடுத்தால் குரங்கு சமர்த்தாக வேலை செய்தது. பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கொடுப்பதைப் பார்த்ததும் வெள்ளரியை வாங்க மறுத்தது, வாங்கியதையும் வீசி எறிந்தது. எங்கள் டெஸ்பாட்ச் அண்ணன் அவ்வளவு பச்சையாகச் செய்யக்கூடியவர் இல்லை. “எனக்கு சுகர் தம்பி, நீங்களே எடுத்துட்டுப் போங்க” என்று பாக்ஸைத் திருப்பித் தந்தார். சாயங்காலம் டீக்கடையில் அவர் மூன்றாவது ஸ்பூன் சர்க்கரை கேட்டதை நான் பார்த்தேன்.

டென்ஷன் பதவியோடு ஏறும் என்பது எங்கள் ஜி.எம். கட்சி. பிபி மாத்திரை அட்டையை மேஜையில் பெயர்ப்பலகைக்கு அருகே எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருப்பார். லண்டனில் வைட்ஹால் அரசு ஊழியர்களை வைத்து 1967இல் தொடங்கிய ஆய்வு வேறு கணக்குச் சொல்கிறது. 17,000க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்ததில், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறந்தவர்களின் விகிதம் உச்சிப் பதவியைவிடக் கடைநிலையில் 3.6 மடங்கு. சிகரெட், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் வித்தியாசம் பலமாகவே நின்றது என்று மைக்கேல் மார்மட்டும் சகாக்களும் 1978இல் எழுதினார்கள். கழித்தும் நேராகாத மீதிக்கு விடை, 1985இல் ஆரம்பித்த இரண்டாம் ஆய்வில் கொஞ்சம் கிடைத்தது: தன் வேலையில் தனக்குப் பேச்சு இல்லாதவனுக்கு இதயம் அதிகம் அடிவாங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ள லண்டன் போக வேண்டாம். ஜி.எம். அறைக்கு வெளியே ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதில் எங்கள் அட்டெண்டர் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்வது மரியாதைக்குத்தான். பெல் எப்போது அடிக்கும் என்று தெரியாததால் ஒரு பாதம் தரையில் ஊன்றி, பாதி எழுந்த நிலையிலேயே இருப்பார். ஹாலில் இருக்கும் எல்லா ஏசிக்கும் ரிமோட் ஜி.எம். டிராயரில். சித்திரை வெயிலில் பில்லிங் மேடம் சால்வை போர்த்திக்கொண்டு தும்முவார். மூலையில் நான் காலண்டர் அட்டையால் விசிறிக்கொள்வேன். ஒரே ஹால், ஒரே சம்பளத் தேதி, யாருக்கும் பேச்சில்லை.

இத்தனைக்கும் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள், நாற்காலி இருக்கிறது. தி.நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே புடவை விரித்த பெண்களுக்கு உட்கார ஓர் இடம் தரச்சொல்லித் தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. கேரளம் 2018லேயே செய்துவிட்டது. அங்கெல்லாம் பந்து கொடுத்திருந்தால் எதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

போன வாரம் ஊழியர் மனநிறைவுக் கருத்துக்கணிப்பு வந்தது. பெயர் வேண்டாம், மனம் திறந்து சொல்லுங்கள் என்று மெயில். மறுநாளே இன்னொரு மெயில்: “உங்கள் செக்‌ஷனில் நீங்கள் மட்டும் இன்னும் பூர்த்தி செய்யவில்லை.” கேள்விகள் நன்றாகத்தான் இருந்தன. ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போட வேண்டும். மனம் திறக்கலாமா என்று நான் கர்சரை அசைத்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் நாற்காலிகளுக்கு நடுவே வந்து நின்றார்.

“எல்லாத்துக்கும் நாலு போடுங்கப்பா. அஞ்சு போட்டா ஹெட் ஆபீஸ்ல நம்ப மாட்டாங்க.”

டெஸ்பாட்ச் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை எழுத்துக்கூட்டிப் படித்தார். “சார், ஒன்பதாவது கேள்வி. வேலையில் சுயமாக முடிவெடுக்கும் சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறதான்னு கேக்குறான். அதுக்கு எவ்வளவு போடட்டும்?”

“அதுக்கும் நாலுதான்.”