பௌர்ணமியும் பட்டினியும்

கேள்வி: பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி விரதம் இருக்கச் சொல்கிறார் மாமியார். அப்படி என்ன விசேஷம்?
– வாசகி ஒருவர், நாரணாபுரம்.

பதில்: ஊருக்கெல்லாம் விரத நாள் சொல்லும் தினசரி காலண்டரைச் சிவகாசியில் அச்சடித்துவிட்டு என்னிடம் கேட்கிறீர்களே! சித்திரைப் பௌர்ணமி சித்திரகுப்தருக்கு. பாவ புண்ணியக் கணக்கு எழுதுபவர் என்பதால் அன்று உப்பில்லாமல் சாப்பிட்டு அவரைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். வைகாசியும் தையும் முருகனுக்கு. உங்கள் பக்கத்துச் சதுரகிரி மலைக்கோயிலிலோ, 2015-ல் அங்கே வந்த வெள்ளத்துக்குப் பின் பல ஆண்டுகள் அமாவாசை, பௌர்ணமியையொட்டி மாதம் 8 நாள்தான் மலையேற விட்டார்கள். விரதம் மனசை அடக்கத்தான். மயக்கம் போட அல்ல. பட்டாசு மருந்தைத் தொடும் கை நடுங்கக் கூடாது. வேலை நாளென்றால் கஞ்சி குடித்துவிட்டுப் போங்கள். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.