எண்பத்தைந்தார்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். அவரைப் போல ஊருக்குள் ஆயிரம் பேர் உண்டு. ஒருவர் பெயரைச் சொன்னால் மீதி 999 பேருக்கும் மனத்தாங்கல் வரும். எண்பத்தைந்தார் என்றே வைத்துக்கொள்வோம். விமர்சகர்கள் போடும் மார்க்கைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் இணையதளத்தில் 85க்குக் கீழே மார்க் வாங்கிய எந்த வீடியோ கேமும் அவர் வீட்டு வாசற்படி ஏறாது. 84 வாங்கியதை ஓசியில் கொடுத்துப் பாருங்கள், "ஹார்ட் டிஸ்க்ல இடம் இல்லீங்க" என்பார். இரண்டு டெராபைட் காலியாகக் கிடக்கிறது.

வயது நாற்பதை நெருங்குகிறது. மென்பொருள் உத்தியோகம். தவணையில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக மினுக்கிக்கொண்டிருக்கும் கணினியை அவர் மனைவி "மாரியம்மன் கோயில் சீரியல் லைட்டு" என்றுதான் சொல்வார். இவ்வளவு செலவும் கேம் ஆடுவதற்காக என்று நீங்கள் நினைத்தால் அவரைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். ஆடலாமா கூடாதா என்று பார்ப்பதற்காக.

இரவுச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தாரானால் முதலில் மார்க் எவ்வளவு என்று பார்ப்பார். அப்புறம் அந்த மார்க்கை யார் யார் போட்டார்கள் என்று பார்ப்பார். அப்புறம் பொதுஜனம் பத்துக்கு எத்தனை போட்டிருக்கிறது என்று பார்ப்பார். விமர்சகரும் பொதுஜனமும் ஒத்துப்போய்விட்டால் நல்லது. முட்டிக்கொண்டால் அவர் பாடு திண்டாட்டம். 2020 ஜூனில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வந்தபோது விமர்சகர்கள் தொண்ணூறுக்கு மேல் அள்ளிக் கொடுத்தார்கள். பொதுஜனமோ வெளியான அன்றைக்கே பூஜ்யமாகப் போட்டுத் தள்ளியது. இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற கேமை அதற்குள் எப்படி ஆடி முடித்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. எந்தக் கட்சியில் சேர்வது என்று தெரியாமல் ராத் தூக்கம் கெட்டார். அந்தக் கேம் அன்றைக்கு பிளேஸ்டேஷனில் மட்டும்தான் ஓடும், அவரிடம் பிளேஸ்டேஷன் கிடையாது என்பது வேறு விஷயம்.

இந்த மார்க் மோகம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பிளஸ் டூவில் அரை மார்க் குறைந்ததால் நினைத்த கல்லூரியை விட்டவர் அவர். அந்த அரை மார்க்கைப் பற்றி அவர் அப்பா சாகும்வரை பேசினார். 98 வாங்கிக்கொண்டு வந்தால் மீதி இரண்டு எங்கே என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு, 84 என்ற எண்ணைப் பார்த்ததும் பழைய ரேங்க் கார்டு கண்முன் வந்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒரு காலத்தில் அவரும் மனிதராகத்தான் இருந்தார். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பிரவுசிங் சென்டர்களில் வளர்ந்த தலைமுறை அது. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துவிட்டு, நாலு பேர் ஒரே நாற்காலியில் தொற்றிக்கொண்டு ஆடியது 'புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.' ரிச்சி ஸ்ட்ரீட்டில் பிளாட்பாரத்து சி.டி.யாகக் கிடைத்து ஊரெல்லாம் பரவிய கேம். டேவிட் ஜோன்ஸ் என்கிற தனி ஆள் முள்வேலியைத் தாண்டி ராணுவ முகாமுக்குள் நுழைவான். நடுவில் சேவ் பண்ண வழியே கிடையாது. கடைசிக் கட்டிடத்தின் வாசலில் குண்டடி பட்டால் திரும்ப முள்வேலியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எவனாவது அபாயச் சங்கை அழுத்திவிட்டால் ஒரு சின்னக் கொட்டகைக்குள்ளிருந்து சிப்பாய்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அத்தனை பேர் அதற்குள் எங்கே படுத்துத் தூங்கினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நம்மவர் அதில் ஊறிக் கிடந்தார். அந்த ஏணி ஏறும் சத்தம் இன்றைக்கும் அவருக்கு வாயால் வரும்.

அதற்கு யார் எத்தனை மார்க் போட்டார்கள் என்று அப்போது அவருக்குத் தெரியாது. மெட்டாகிரிட்டிக்கே 2001இல்தான் தொடங்கியது. பிற்பாடு, மீசை நரைக்க ஆரம்பித்த பிறகு, ஒருநாள் அந்தப் பழைய விமர்சனங்களைத் தேடிப் பிடித்துப் படித்திருக்கிறார். மறுநாள் லிஃப்டில் என்னிடம் சொன்னார்: "ஐ.ஜி.ஐ. அவ்வளவு ஒண்ணும் நல்ல கேம் இல்லீங்க. சேவ் வசதி இல்ல, எதிரிக்கு மூளை இல்ல." பதினைந்து வயதில் பட்ட சந்தோஷத்தைப் பின்தேதியிட்டு ரத்து செய்த மனிதரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

85 என்ற எண்ணை அவர் எப்படிப் பிடித்தார் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2010இல் 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' வந்தது. செய்தவர்கள் அப்சிடியன், வெளியிட்டவர்கள் பெதஸ்டா. மெட்டாகிரிட்டிக்கில் 85 வாங்கினால் போனஸ் என்று ஒப்பந்தம். 84 வந்தது. போனஸ் போச்சு. கேமை எழுதியவர்களில் ஒருவரான கிறிஸ் அவலோன் 2012இல் இதை வெளியே சொன்னார். கேட்டவர்கள் எல்லாம் அடப்பாவிகளா என்று தலையில் கை வைத்தார்கள். எண்பத்தைந்தார் மட்டும், "பார்த்தீங்களா, கம்பெனிக்காரனே 85தான் கோடுன்னு வச்சிருக்கான்" என்று பரவசப்பட்டார். ஒரு மார்க்கில் கைவிட்டுப் போகிற துக்கம் அவருக்குத் தெரியாததா? இருந்தும் அவர் சேர்ந்தது வாத்தியார் கட்சியில்.

இத்தனைக்கும் அந்த மார்க் எப்படி வருகிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியும். பல பத்திரிகைகள் போடும் மார்க்கை நூற்றுக்கு மாற்றிச் சராசரி எடுக்கிறார்கள். எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே எடை கிடையாது. எதற்கு எவ்வளவு எடை என்று வெளியே சொல்வதும் கிடையாது. 75ஐத் தொட்டால் பச்சை, 50க்குக் கீழே இறங்கினால் சிவப்பு, நடுவில் மஞ்சள். இதையெல்லாம் அவரே எனக்கு விளக்கியிருக்கிறார். விளக்கி முடித்துவிட்டு, "அதான் கரெக்டா இருக்கு" என்றார்.

ஒருமுறை அவரிடம் 'டெட்லி பிரமொனிஷன்' பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். இதுவும் 2010இல் வந்ததுதான். ஒரு சிற்றூரில் கொலையைத் துப்பறிய வரும் எஃப்.பி.ஐ. அதிகாரி காப்பிக் கோப்பைக்குள் சகுனம் பார்ப்பார். நாம் சவரம் செய்துவிட மறந்தால் அவருக்குத் தாடி வளரும். சட்டையை மாற்றாவிட்டால் ஈ மொய்க்கும். வண்டியோட்டுவது கொடுமை, சண்டை போடுவது அதைவிடக் கொடுமை, கதையோ விடாமல் பிடித்து இழுக்கும். ஐ.ஜி.என். என்ற விமர்சனத் தளம் இதற்குப் பத்துக்கு இரண்டு போட்டது. டிஸ்ட்ரக்டாய்ட் என்ற இன்னொரு தளம் பத்துக்குப் பத்து. "இது ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா ஆறு வருது. அதை ஆறுன்னு நினைச்சு ஆடினவன் எவனாவது இருப்பானா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆறுன்னா வாங்க வேண்டாம்" என்றார்.

சரி, 85க்கு மேலே இருப்பதையாவது ஆடி அனுபவிக்கிறாரா? அவருடைய குலதெய்வம் 'எல்டன் ரிங்'. 2022, மார்க் 96. ஆட்டத்தின் தொடக்கத்தில் வெட்டவெளிக்கு வந்த உடனே குதிரைமேல் தங்கக் கவசத்தோடு ஒரு வீரன் உலாத்திக்கொண்டிருப்பான். தெரிந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் நேரே போய் அடி வாங்கினார். மறுநாளும் வாங்கினார். அந்த மாதம் பூராவும் வாங்கினார். பிடிக்கவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கேட்டால், "மாஸ்டர்பீஸ் சார்" என்று முனகுவார். 96 வாங்கிய கேம் தனக்குப் பிடிக்கவில்லை என்றால் கோளாறு தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்பது அவர் தீர்மானம்.

'எல்டன் ரிங்'கைச் செய்த இதே ஃபிரம்சாஃப்ட்வேர் கம்பெனி 2009இல் 'டீமன்ஸ் சோல்ஸ்' கொண்டுவந்தபோது, சோனியில் பெரிய பொறுப்பில் இருந்த ஷுஹெய் யோஷிடா ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்தார். தொடங்கிய இடத்தைவிட்டு நகர முடியவில்லை. படுமோசம் என்று ஒதுக்கினார். அமெரிக்காவில் சோனி அதை வெளியிடாமல் விட, அட்லஸ் எடுத்து வெளியிட்டுப் பெயர் தட்டிக்கொண்டு போனது. கணக்கு தப்பித்தான் போயிற்று, யோஷிடாவே பின்னால் அதைச் சொன்னார். ஆனாலும் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. தப்போ சரியோ, அவரே கட்டையைப் பிடித்து, அவரே அடி வாங்கி, அவருக்கே வந்த அபிப்பிராயம் அது.

நம்மவருக்கும் இரண்டு மணி நேரம் என்றால் உயிர். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய கேமை 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அதில் முக்கால் மணி நேரம் நிழல், புல், தண்ணீர் எந்த அளவுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று திருகிக்கொண்டிருப்பார். மீதி நேரத்தில் ஒரு கண் ஆட்டத்தின்மேல், ஒரு கண் கடிகாரத்தின்மேல். ஆட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில் எழுந்து பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார்.

ஒரே ஒருமுறை தவறினார். 2020 டிசம்பர் 10, 'சைபர்பங்க் 2077'. விமர்சனம் படிக்க நேரமில்லாமல் உட்கார்ந்தவர் விடிய விடிய ஆடிவிட்டார். காலையில் பால் வாங்க வந்தபோது பார்த்தேன், முகம் பளபளவென்று இருந்தது. "மழை பெஞ்ச ரோடுங்க, அதுல லைட்டு விழுந்து அப்படியே மின்னுது. சும்மா வண்டியெடுத்துட்டுச் சுத்திக்கிட்டே இருந்தேன்" என்றார். இந்த மனிதருக்குள் இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலத்துக்குள் உலகம் கொந்தளித்துவிட்டது. பழைய கன்சோல்களில் ஓடவில்லை, பிழை மேல் பிழை என்று கூப்பாடு. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கியது. அவருடைய கணினியில் அது ஒழுங்காகத்தான் ஓடியது. இருந்தாலும் கூப்பாடு எழுந்த அன்றைக்கே இரவு எட்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "மோசம் பண்ணிட்டானுங்க சார்" என்றார். ஆடிய நேரம் கெடுவைத் தாண்டிவிட்டதால் பணமும் வராது. 2023இல் பெரிய திருத்தம் வந்து ஊரெல்லாம் சமாதானமான பிறகு திரும்ப எடுத்தார். மழை பெய்த அதே ரோட்டைப் பார்த்து, "இப்பத்தான் நல்லா இருக்கு" என்றார்.

ஐந்தாவது தளத்தில் இவருக்கு நேர் எதிர் ரகத்தில் ஒரு தம்பி இருக்கிறான். 90க்கு மேல் வாங்கியது எல்லாம் குப்பை என்பான். அவனும் மார்க் பார்க்காமல் எதையும் வெறுப்பதில்லை.

போன மாதம் குடியிருப்புச் சங்கத்துச் சந்தா வாங்க எண்பத்தைந்தார் வீட்டுக்குப் போயிருந்தேன். தேனியிலிருந்து மாமனார் வந்திருந்தார். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சோபாவில் சம்மணம் போட்டுக்கொண்டு மகளுடைய பழைய போனில் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' ஓட்டிக்கொண்டிருந்தார். 2017இல் வந்த கேம். இந்தோனேசியாவிலும் நம்மைப் போலவே சாலையின் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். பஸ்ஸுக்கு எந்தச் சாயம் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம் என்பதால் நம் பையன்கள் அரசுப் பேருந்து, தனியார் பேருந்து என்று எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்து விட்டிருக்கிறார்கள். ஜாவாக்காரர்கள் குறுக்கே மறுக்கே போகும் ஒரு கடைவீதியில் நம் அரசுப் பேருந்து ஒன்று போடி என்ற போர்டோடு நின்றுகொண்டிருந்தது.

"பின் டயர் பள்ளத்துல எறங்கினா ஒரு குலுக்கு குலுக்கணும், இதுல அந்தக் குலுக்கலே இல்ல" என்றார் மாமனார் பொதுவாக. "ஆனா திருப்பத்துல வண்டியோட பின்பக்கம் வெளிய வீசுது பாருங்க, அத நல்லாப் பண்ணியிருக்கான். ஹாரனு நம்ம ஊருக் கல்யாண வண்டிக்கு ஆகும்." ஹாரனை அழுத்தினார். பாட்டு மாதிரி இழுத்துக்கொண்டு ஒலித்தது. 2016இல் இந்தோனேசியாவில் சிறுவர்கள் சாலையோரம் நின்று, இந்த ஹாரனை அடிக்கச் சொல்லி ஓட்டுநர்களைக் கெஞ்சியது உலகம் முழுக்கப் பிரபலம். மாமனாருக்கு அந்த வரலாறெல்லாம் தெரியாது. இன்னொரு தடவை அடித்தார்.

எண்பத்தைந்தார் கையைப் பிசைந்தார். "மாமா, நம்ம கம்ப்யூட்டர்ல ஒரு டிரக் சிமுலேட்டர் இருக்கு. ரொம்ப நல்ல ரேட்டிங். அதை ஓட்டிப் பாக்கறீங்களா?"

"லாரியா? ஆளே ஏறாத வண்டிய ஓட்டி என்ன மாப்ள பண்றது?"

அந்த நேரம் பார்த்து போன் திரையில் ஒரு பெட்டி வந்து விழுந்தது. இந்த கேம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்ற கேள்வியும், கீழே ஐந்து வெற்று நட்சத்திரங்களும். மாமனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இது அப்பப்ப வந்து நின்னு என்னமோ கேக்குது. ஏதோ ஒண்ணப் போட்டு அனுப்பிச்சு விடுங்க மாப்ள" என்று போனை நீட்டினார்.

எண்பத்தைந்தார் வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் நட்சத்திரங்களுக்கு மேலே அப்படியே நின்றது. "ஒரு நிமிஷம் இருங்க மாமா" என்று சொல்லி, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் போனை எடுத்து, மற்றவர்கள் சராசரியாக எத்தனை போட்டிருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தார்.

மாமனாருக்குப் பொறுமை இல்லை. வண்டி நடுரோட்டில் நிற்கிறது. ஐந்தாவது நட்சத்திரத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கியரைப் போட்டார்.

மருமகன் தன் திரையிலிருந்து பதறிப்போய் நிமிர்ந்தார். "அரை ஸ்டார் கூடுதலாப் போட்டுட்டீங்களே மாமா!"